உஷார்! மூன்று நாளில் ஊசி பிடிக்கக் கற்றுத்தருகிறார்களாம்

"நிரந்தர முடி நீக்கம்! மூன்றே நாள் பயிற்சி! சர்வதேச டிப்ளோமா! கையோடு வெளிநாட்டு வேலை!" வட்ஸ்அப்பிலோ டவுன் மதிலிலோ இப்படியொரு நோட்டீஸ் கண்ணில் பட்டால், அவசரப்பட்டுக் காசைக் கட்டிவிடாதீர்கள். ரம்புக்கனையைச் சுற்றியுள்ள இறப்பர் தோட்டங்களில் ஓ.எல்., ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்காகக் காதுத் தோட்டை அடகு வைக்கத் துணியும் அம்மாமாருக்கும்தான் இந்த எச்சரிக்கை.

அழகுக்கலை நல்ல தொழில். கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்தாவது ஒரு பிள்ளை சொந்தக் காலில் நிற்கலாம். ஆனால் அந்த நோட்டீஸ் சொல்லும் நிரந்தர முடி நீக்கத்தை, அதாவது எலக்ட்ரோலிசிஸை, த்ரெட்டிங், பேசியல் கணக்கில் சேர்க்கக் கூடாது. இங்கே ஊசியும் மின்சாரமும் மனிதத் தோலுக்குள் போகின்றன.

1875இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கண் வைத்தியர் சார்ள்ஸ் மிஷேல், கண்ணை நோக்கி வளைந்து வளரும் இமை முடியை அகற்றக் கையாண்ட முறை இது. முடி முளைக்கும் குழிக்குள் மெல்லிய ஊசியை இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். ஒரு வகையில், குழிக்குள் இருக்கும் உப்பு நீர் காரமாக மாறி வேரை அழிக்கும். இன்னொன்றில் சூடு வேரைப் பொசுக்கும். இரண்டையும் கலந்து செய்வது மூன்றாவது வகை. எதுவானாலும் ஒரு முடிக்கு ஒரு தடவை ஊசி இறங்க வேண்டும். கோணமும் ஆழமும் சரியாக இருந்தால், இடுக்கியால் பிடித்ததும் முடி வழுக்கிக்கொண்டு வரும். இழுத்துப் பிடுங்க வேண்டியிருந்தால் வேர் சாகவில்லை, திரும்பவும் முளைக்கும்.

இந்தக் கைப்பக்குவம் மூன்று நாளில் வருமா? கலிபோர்னியா மாநிலத்தில் 600 மணி நேரம் பயின்று, பரீட்சையும் சித்தியடைந்தால்தான் லைசென்ஸ். நம்மூர் நோட்டீஸ்காரர் நாளுக்கு எட்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தாலும் மொத்தம் 24தான். இங்கிலாந்தில் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பச்சை குத்துதல், காது குத்துதல் ஆகியவற்றுடன் எலக்ட்ரோலிசிஸையும் உள்ளூராட்சி சபையில் பதியச் செய்கிறார்கள். இரத்தத்தால் தொற்றும் நோய்ப் பயம்தான் காரணம்.

அந்தப் பயம் வீண் பயமல்ல. ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்தினால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. தொற்றலாம். ஒவ்வொருவருக்கும் உறை பிரிக்காத புது ஊசி வேண்டும். மின்சாரம் கூடிப்போனால் தோல் வெந்து தழும்பு விழும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கரும்புள்ளியும் தடித்த தழும்பும் வரும் வாய்ப்பு அதிகம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவருக்கு வைத்தியரைக் கேட்காமல் கை வைக்கவே கூடாது. நாடியில் திடீரென முடி வளரும் பெண்ணுக்கு ஹோர்மோன் கோளாறு இருக்கலாம்; அவரை முதலில் வைத்தியரிடம்தான் அனுப்ப வேண்டும். இதெல்லாம் தெரியாத பிள்ளையிடம் முதலில் முகத்தைக் கொடுக்கப்போவது பக்கத்து லயத்து அக்காதான். அவர் முகத்தில் தழும்பு விழுந்தால் அந்த டிப்ளோமா காப்பாற்றுமா?

காசு கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்.

முதலாவது, நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா? 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அரச ஆணைக்குழு அது. பதிவு எண்ணை வாங்கி, அதன் இணையத்தளத்தில் நீங்களே பாருங்கள்.

இரண்டாவது, நீங்கள் சேரப்போகும் அதே பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா? பலர் ஏமாறுவது இங்கேதான். நிறுவனப் பதிவு வேறு, பாடநெறி அங்கீகாரம் வேறு. வாசலில் பதிவு எண் தொங்கினாலும், அங்கீகாரம் இல்லாத பாடநெறிக்கு என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்காது. பொன்னிற முத்திரையும் வெளிநாட்டுப் பெயரும் போட்டுத் தடித்த அட்டையில் அச்சடிக்க எந்த அச்சகத்தாலும் முடியும்.

மூன்றாவது, கண்காணிப்பில் எத்தனை மணி நேரம் உண்மையான ஆளுக்குச் செய்து பழகலாம்? எந்த மெஷின்? லேசரைக் காட்டி எலக்ட்ரோலிசிஸ் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ. 'நிரந்தர நீக்கம்' என ஏற்பது எலக்ட்ரோலிசிஸை மட்டும்தான். லேசருக்கு 'நிரந்தரக் குறைப்பு' என்று சொல்லத்தான் அனுமதி.

வெளிநாட்டு வேலைக்கு, கோர்ஸ் நடத்துகிறவரின் வாய்வார்த்தை போதாது. ஆள் அனுப்ப, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து விசாரியுங்கள்.

ஏற்கெனவே காசு கட்டி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டாம். பற்றுச்சீட்டு, நோட்டீஸ், வட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடுங்கள்.

அழகுக்கலை படிக்க நேர்வழி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையிடமும், தொழில் பழகுநர் பயிற்சி தரும் அரச நிறுவனமான நைட்டாவிடமும் என்.வி.கியூ. பயிற்சிகளைப் பற்றிக் கேளுங்கள். ஏற்கெனவே சலூனில் வேலை பார்த்துத் தொழில் பழகியவர்கள், முன்கற்றல் அங்கீகார முறையில் திறமையைக் காட்டியே சான்றிதழ் பெறலாம். முதலில் அந்த அடிப்படையில் கால் ஊன்றுங்கள். ஊசியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பதிவு எண்ணைக் காட்டத் தயங்குகிறவரிடம் ஒரு ரூபாகூடக் கொடுக்காதீர்கள்.