காலநிலைக்குத் தனி அமைச்சகம் வந்தால் நம் மஹல்லாவுக்கு என்ன?



2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அங்கே ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையைவிட அது அதிகம். நெல்லையில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே தாமிரபரணி புகுந்தது. செய்துங்கநல்லூர் பள்ளிவாசலில் இந்து சமயச் சகோதரக் குடும்பங்கள் தங்கி உண்டார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

இப்படிப்பட்ட நாளில் பொறுப்பு யாருடையது என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. மழையை முன்கூட்டிச் சொல்வது மத்திய அரசின் வானிலை ஆய்வு மையம். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் தண்ணீரைத் திறப்பது நீர்வளத் துறை. முகாமும் நிவாரணமும் வருவாய்த் துறை. தெருவில் தண்ணீர் வடிய வேண்டிய ஓடை மாநகராட்சியுடையது. குளங்களில்கூடப் பெரியது நீர்வளத் துறைக்கு, சிறியது ஊராட்சி ஒன்றியத்துக்கு! அந்த வெள்ளத்தின்போது எச்சரிக்கை சரியாக வந்ததா என்பதிலேயே மத்திய, மாநில அரசுகள் ஒன்றையொன்று குறை கூறின.

அதனால்தான் காலநிலைக்கென்றே ஓர் அமைச்சகம் வேண்டும் என்கிறார்கள். பெயரளவில் அது வந்தும்விட்டது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2014-லும், தமிழகத் துறை 2021-லும் தங்கள் பெயரோடு 'காலநிலை மாற்றம்' என்பதைச் சேர்த்துக்கொண்டன. ஆனால் அணையின் ஷட்டரோ ஓடையைத் தூர்வாரும் நிதியோ அந்தத் துறையின் கையில் இல்லை. இருக்கிற வேலைகளைப் பிடுங்கித் தராமல் புதிய பெயர்ப்பலகை மாட்டினால், மனு கொடுக்க இன்னொரு வாசல் கூடும், அவ்வளவுதான்.

பிரிட்டன் 2008-ல் எரிசக்திக்கும் காலநிலைக்குமாகத் தனித் துறை அமைத்தது. 2016-ல் அதைக் கலைத்து வேறொரு துறையோடு இணைத்துவிட்டார்கள். அதே 2008-ல் இயற்றிய காலநிலைச் சட்டமோ இன்றும் நிற்கிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் இலக்கு வைத்துக் கணக்குச் சொல்லியாக வேண்டும். நமக்கும் அமைச்சகத்தைவிட அப்படியொரு கட்டாயம்தான் தேவை என்று தோன்றுகிறது.

நம் கைக்கு எட்டுவது ஒன்று உண்டு. தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தின்கீழ் மாவட்டம்தோறும் ஓர் இயக்கம் அமைக்கப்பட்டிருக்கிறது. அதன் தலைமை மாவட்ட ஆட்சியரிடம். வருவாய்த் துறை, உள்ளாட்சி, நீர்வளம் என எல்லா அதிகாரிகளையும் ஒரே மேசைக்கு அழைக்கக்கூடியவர் அவர்தான். எனவே ஐப்பசி மழைக்கு முன்பே, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஜமாஅத் சார்பில் மனு கொடுக்கலாம். கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது, 2023-ல் எந்தத் தெரு வரை தண்ணீர் வந்தது, நடக்க முடியாத முதியோர் எத்தனை பேர், மதரஸா கட்டடத்தை முகாமாகத் தர முடியுமா என்பதையெல்லாம் அதில் எழுதுங்கள். மனு ரசீதை ஜமாஅத் அலுவலகக் கோப்பில் பத்திரமாக வையுங்கள். மறுமாதம் கேட்கப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.