பத்து நிமிடத்தில் பை ரெடி... உள்ளே போகும் கொழுப்பு எது?

ஓவன் இல்லாத பெங்களூரு வீடுகளுக்கு எலெக்ட்ரிக் பை மேக்கர் ஒரு வரம். அதோடு, நாம் கேட்க மறந்த ஒரு கேள்வியையும் அது கேட்க வைக்கிறது.

பெங்களூரில் குளிர் எட்டிப் பார்த்தால் போதும், சாயங்கால டீக்குச் சூடாக ஏதாவது கொறிக்க வேண்டும் என்று நாக்கு நச்சரிக்க ஆரம்பித்துவிடும். தெருமுனை பேக்கரியில் வெஜ் பஃப்ஸ், தில்பசந்த், காரா பன் எல்லாம் காத்திருக்கும். இவற்றை வீட்டிலேயே செய்யலாமே என்று நினைப்பவர்களுக்கு இத்தனை நாள் குறுக்கே நின்றது ஓவன். அல்சூரிலும் காக்ஸ் டவுனிலும் வாடகை வீட்டுச் சமையல் மேடையில் மிக்ஸியும் கிரைண்டரும் போக மிச்சம் இருப்பது இரண்டு சாண் இடம். அங்கே ஓவனை எங்கே வைப்பது?

அந்த இரண்டு சாணில் பை மேக்கர் உட்கார்ந்துவிடுகிறது. பார்வைக்கு சாண்ட்விச் டோஸ்டரின் அக்கா மாதிரி இருக்கும். முக்கோணப் பள்ளங்களுக்குப் பதில் வட்டமான ஆழக் குழிகள், இரண்டோ நான்கோ. மேலும் கீழும் ஒட்டாத பூச்சுள்ள சூடேறும் தட்டுகள். மூடினால் விளிம்பைத் தானே அழுத்தி ஒட்டிவிடும். கூடவே மாவை வட்டமாக வெட்ட ஒரு கட்டர் தருகிறார்கள். அடி மாவுக்குப் பெரிய வட்டம், மேல் மூடிக்குச் சிறிய வட்டம். 1000 வாட் கருவி கால் மணி நேரம் ஓடினால் கால் யூனிட் கரண்ட்தான் ஆகும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஓவனைச் சூடேற்றிக் காத்திருக்கும் நேரத்துக்குள் இதில் முதல் ஈடு வெந்து தட்டுக்கு வந்துவிடும்.

சிக்பேட்டை போட்ட பிள்ளையார் சுழி

பை என்றதும் ஆங்கிலேயர் பண்டம், நமக்கு எதற்கு என்று ஒதுக்க வேண்டாம். 1809-ல் கன்டோன்மென்ட் வந்ததிலிருந்தே இறைச்சி வைத்த பையும் பாட்டீஸும் இந்த ஊர் அறிந்தவை. ஆனால் பெங்களூரு அதைத் தன் வழிக்குக் கொண்டுவந்தது பழைய பேட்டைப் பகுதியில்தான். ஹாசன் பக்கத்திலிருந்து வந்த ஐயங்கார் சகோதரர்கள் 1898-ல் சிக்பேட்டையில் ஒரு பேக்கரி தொடங்கினார்கள். கடைக்கு வந்துபோன ஒரு வெள்ளைக்காரரிடம் ரொட்டி சுடக் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. ஹாசன் பகுதியின் ஹெப்பார் ஐயங்கார்கள் இன்றும் வீட்டில் பேசுவது தமிழ். கன்னடம் கலந்த, தனக்கென ஓசையுள்ள தமிழ். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து கிளம்பியதுதான் முட்டை சேராத பேக்கரி என்னும் ஏற்பாடு. ‘ஐயங்கார் பேக்கரி’ என்ற பெயர்ப்பலகை அங்கிருந்துதான் ஊர் ஊராகப் பரவியது.

அந்த பேக்கரிகளின் செல்லப்பிள்ளை தில்பசந்த். இரண்டு வட்ட மாவுத் தகடுகள்; நடுவே தேங்காய்த் துருவல், சர்க்கரை, டூட்டி ஃப்ரூட்டி, முந்திரி, திராட்சை. சுட்டு எடுத்து முக்கோணமாக வெட்டி விற்பார்கள். அடியில் மாவு, மேலே மாவு, நடுவில் பூரணம். இது பை இல்லாமல் வேறென்ன? ஆக, பை மேக்கர் வாங்குகிற பெங்களூர்க்காரர் முதலில் செய்து பார்க்க வேண்டியது ஆப்பிள் பை அல்ல, தில்பசந்த்.

ஊர்க் குளிர் நம் பக்கம்

பை மாவின் சூட்சுமம் வெண்ணெய் உருகாமல் இருப்பதில் இருக்கிறது. மாவுக்குள் வெண்ணெய் சின்னச் சின்னத் துணுக்குகளாகக் கிடக்க வேண்டும். சூடு பட்டதும் அவை உருகி, ஈரம் ஆவியாகி, மாவை ஏடு ஏடாகப் பிரிக்கும். சென்னையில் மே மாதம் இதைச் செய்தால் பிசையும்போதே வெண்ணெய் கையோடு வந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரில் டிசம்பர், ஜனவரி மாலைகள் இந்த வேலைக்கென்றே அமைந்தவை.

கால் கிலோ மைதா, 125 கிராம் குளிர்ந்த வெண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு. வெண்ணெயைச் சிறு கட்டிகளாக வெட்டி, விரல் நுனியால் மட்டும் மாவில் உதிர்க்க வேண்டும். புட்டு மாவுப் பதம் வந்ததும் நாலைந்து டேபிள்ஸ்பூன் ஐஸ் தண்ணீர் தெளித்துத் திரட்ட வேண்டும். சப்பாத்தி மாவைப் போல அடித்துப் பிசைந்தால் பை கடினமாகிவிடும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மூன்று மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து வெட்ட வேண்டும்.

கருவி முழுதாகச் சூடேறிய பிறகே மாவைக் குழியில் இறக்க வேண்டும். பூரணம் விளிம்புக்குக் கீழேயே நிற்கட்டும். தலை தட்டி வைத்தால் மூடும்போது வழிந்து தட்டில் கருகும். மேல் வட்டத்தில் முள்கரண்டியால் இரண்டு குத்து குத்தினால் ஆவி வெளியேறும், மூடி நமுத்துப் போகாது. எட்டு முதல் பத்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் பொன்னிறம் வந்துவிடும். எடுப்பதற்கு மரக் கரண்டிதான். கத்தியை விட்டு நெம்பினால் ஒட்டாத பூச்சு போய்விடும்.

பிதுக்குப் பருப்பு பை

காரத்துக்கு உருளைக்கிழங்கு மசாலா எப்போதும் இருக்கிறது. ஆனால் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பெங்களூரு மார்க்கெட்டில் குவியும் அவரைக்காயை விட்டுவிட்டு உருளையிடம் போவானேன்? கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுக்கும் பருப்பு, கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தாருக்குப் பழகிய பண்டம். கன்னடத்தில் ஹிதகித பேளே. இதைக் குழையாமல் வேகவைத்து, வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி தாளித்து, தேங்காய்த் துருவலும் கொத்தமல்லித் தழையும் போட்டுத் தண்ணீர் சுண்டும்வரை கிளறி ஆறவைக்க வேண்டும். சூடாக வைத்தால் அடி மாவின் வெண்ணெய் முன்கூட்டியே உருகி, அடி களியாகிவிடும். பருப்பின் வாசனையும் வெண்ணெய் மாவின் வாசனையும் சேரும் இடம் இருக்கிறதே, அதற்காகவே இந்தக் கருவியை வாங்கலாம்.

கேட்காமல் விட்ட கேள்வி

இவ்வளவும் எழுதுவது ருசிக்காக மட்டும் இல்லை. பேக்கரியில் கைநீட்டி வாங்கும் பஃப்ஸில் எந்தக் கொழுப்பு இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

வீட்டில் செய்த வெண்ணெய்ப் பையை எங்கள் வீட்டுப் பிள்ளை கடித்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, “அம்மா, இது அண்ணத்துல ஒட்டவே இல்லையே” என்பதுதான். காரணம் எளிது. வெண்ணெய் நம் உடல் சூட்டுக்குக் கீழேயே உருகிவிடும். பஃப்ஸ் மாவை மடிப்பு மடிப்பாக எழுப்பப் பயன்படும் கெட்டிக் கொழுப்புகள் பலவற்றின் உருகுநிலை அதற்கும் மேலே. வாய்க்குள் போயும் கரையாமல் அண்ணத்தில் மெழுகுப் படலமாக நிற்பது அதுதான்.

வனஸ்பதி வகையறாக்களில் தாவர எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்குகிறார்கள். அரைகுறையாக ஏற்றும்போது டிரான்ஸ் கொழுப்பு உருவாகிறது. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி, நல்ல கொலஸ்ட்ராலை இறக்கும் கொழுப்பு அது. 2023-க்குள் உலகம் முழுவதும் உணவுத் தொழிலில் இதை ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் அறைகூவல் விடுத்தது. இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் இதன் அளவு 2021-ல் 3 சதவீதத்துக்கும், 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்துக்கும் மிகக்கூடாது என்று விதி வந்தது.

நல்ல விதிதான், வரவேற்போம். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் லேபிள் இல்லாமல் இருக்கும் பஃப்ஸைப் பார்த்து, வாங்குகிறவர் எதைத் தெரிந்துகொள்ள முடியும்? பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் வாரத்தில் பாதி நாள் அதைத்தான் தின்கிறார்கள். சின்ன வயதிலேயே மாரடைப்பு என்ற செய்திகளைப் படித்துப் பதறும் நாம், தினசரி தின்பண்டத்தின் கொழுப்பைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் உறைந்த பஃப் ஷீட்டுகளை வாங்கி பை மேக்கரில் வைப்பவர்களும் உஷாராக இருக்க வேண்டும். உறையைத் திருப்பி மார்ஜரின், தாவரக் கொழுப்பு, ஷார்ட்டனிங் என்ற சொற்களைத் தேடுங்கள். அதே கொழுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து சுடுவதற்குத் தனியாக ஒரு கருவி எதற்கு?

வெண்ணெய் போட்டால் இந்த விலைக்கு விற்று மாளாது என்று பேக்கரிக்காரர்கள் சொல்வார்கள். வெண்ணெயும் நிறைவுற்ற கொழுப்புதானே என்று மருத்துவர்கள் நினைவூட்டுவார்கள். இரண்டும் உண்மை. அதனால்தான் பை தினசரி உணவு ஆகக்கூடாது. வாரத்துக்கு ஒரு நாள் போதும். ஆனால் அந்த ஒரு நாளில் மாவுக்குள் போனது என்ன, எவ்வளவு என்பது செய்கிற கைக்குத் தெரியும்.

வாங்க நினைப்பவர்கள் தட்டு ஆழமாக இருக்கிறதா, மூடியின் கொக்கி இறுகப் பிடிக்கிறதா, எத்தனை வாட் என்று பார்த்து வாங்குங்கள். 1000 வாட்டைத் தாண்டும் கருவி என்றால் எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டாமல், நேராகச் சுவரில் உள்ள பெரிய பிளக் பாயின்ட்டில் மாட்டுவது நல்லது. கருவி வாங்க வசதி இல்லாதவர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை பேக்கரியில் பஃப்ஸ் கேட்கும்போது, “அண்ணா, இதுல என்ன கொழுப்பு போடுறீங்க?” என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். தெருவே கேட்டால் விலைப் பலகையில் கொழுப்பின் பெயரையும் எழுதி வைப்பார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக நம் நம்பிக்கையைச் சம்பாதித்த பேக்கரி மரபுக்கு அது பெருமையே தவிர, குறை அல்ல.