கொரண்டம் (சொல்)

கொரண்டம் என்பது அலுமினியம் ஆக்சைடால் ஆன மிகக் கடினமான கனிமம் ஒன்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும். இது 'குருந்தம்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது என ஆங்கில அகரமுதலிகள் குறிப்பிடுகின்றன. தமிழில் இக்கனிமம் குருந்தக்கல் எனப்படும். குருந்த மரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பொருள்

மோவின் கடினத்தன்மை அளவுகோலில் கொரண்டத்தின் மதிப்பு 9. வைரம் மட்டுமே இதனினும் கடினமானது. தூய கொரண்டம் நிறமற்றது. குரோமியம் சிறிதளவு கலந்தால் சிவந்து மாணிக்கமாகவும், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலமாகவும் அமைகிறது. ஒளிபுகாத மட்டமான கற்கள் பொடியாக்கப்பட்டு, கத்தி தீட்டவும் மணிகளைப் பட்டை தீட்டவும் பயன்பட்டன. இப்பொடியை அரக்குடன் கலந்து சாணைக்கல் செய்வது பழைய வழக்கம்.

சொற்பிறப்பு

குருந்தம் என்பதுடன் தொடர்புடைய வடசொல் 'குருவிந்தம்'. அது மாணிக்கத்தைக் குறிக்கும். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மாணிக்க வகைகளுள் ஒன்றாக 'விந்தம்' என்பதைக் கூறுகிறது. சாணைக்கல்லும் மாணிக்கமும் ஒரே கனிமத்தின் இரு வடிவங்கள் என்பதை ஐரோப்பிய வேதியியல் 18ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியே உறுதிசெய்தது. இந்தியச் சொல்வழக்கிலோ இரண்டின் பெயர்களும் முன்பே உறவுடையனவாக இருந்தன.

ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஜான் உட்வர்டின் கனிமப் பட்டியலில் 'கோரிவிண்டம்' என்ற வடிவம் காணப்படுகிறது. 1798இல் சார்லஸ் கிரெவில் ஆசியக் கொரண்டக் கல்லைப் பற்றி இலண்டன் அரச கழகத்தின் இதழில் எழுதினார். பின்னர் இன்றைய வடிவம் நிலைபெற்றது.

தமிழ்நாட்டில் கிடைக்கும் இடங்கள்

பழைய சேலம் மாவட்டம் இக்கல்லுக்குப் பெயர்பெற்றது. கடத்தூர் உள்ளிட்ட தருமபுரிப் பகுதியும் 1965 வரை அம்மாவட்டத்திலேயே இருந்தது. இன்றைய நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியும், காங்கேயம் அருகிலுள்ள சிவன்மலையும் நிலவியலாளர் நன்கறிந்த இடங்கள்.

கிளைச்சொல்

1891இல் அமெரிக்கரான எட்வர்டு அச்செசன், களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தால் சூடாக்கிக் கடினமான புதுப்பொருள் ஒன்றைப் பெற்றார். அது கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது எனக் கருதி 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. கருத்துப் பிழையானாலும் பெயர் நிலைத்தது. 1954இல் சென்னையில் தொடங்கப்பட்ட கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் பெயரில், குருந்தம் உருமாறித் தமிழகத்துக்கே திரும்பி வந்தது.