அரக்கோணத்தில் பறந்தது, கடற்கரையில் நிற்கிறது

காஞ்சிபுரத்திலிருந்து வடக்கே போனால் அரக்கோணம். அங்குள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தில் 1992 முதல் கால் நூற்றாண்டு காலம் இருந்த டியூ-142 விமானங்களில் ஒன்று, இப்போது விசாகப்பட்டினத்தின் ஆர்.கே. கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

1988இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த எட்டு விமானங்கள் அவை. நீளம் 53 மீட்டர், இறக்கையின் வீச்சு 50 மீட்டர். நீர்மூழ்கிகளைத் தேடுவதுதான் வேலை. பறந்தபடியே ஒலிமிதவைகளைக் கடலில் போடும். மிதவையிலிருந்து நீருக்குள் தொங்கும் ஒலிவாங்கி, ஆழத்தில் ஓடும் எந்திரத்தின் சத்தத்தைப் பிடிக்கும். அதை வானொலி அலையாக மேலே அனுப்பும்.

என்னை மிகவும் ஈர்ப்பது அதன் எஞ்சின். நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றும் சுமார் 15,000 குதிரைத்திறன். ஒவ்வொன்றின் முன்னும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு விசிறிகள், எதிரெதிர்த் திசையில் சுழலும். முன்விசிறி காற்றைப் பின்னே தள்ளும்போது அதை முறுக்கியும் விடுகிறது. அந்த முறுக்கில் வீணாகும் ஆற்றலைப் பின்விசிறி மீட்டு, உந்துவிசையாக்குகிறது. விசிறி விமானமாக இருந்தும் இது வேகமாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். விசிறி அலகுகளின் முனை ஒலியின் வேகத்தை எட்டுவது இந்த விமானத்தின் பேரிரைச்சலுக்கு ஒரு காரணம்.

2017 மார்ச் 29 அன்று ராஜாளியில் விடைகொடுத்தார்கள். 29 ஆண்டுகள், சுமார் 30,000 மணி நேரப் பறப்பு, ஒரு விபத்துகூட இல்லை. போரில் வீழ்ந்தவர்களுக்கு நினைவுச்சின்னங்கள் பல உண்டு. போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்ததற்கு, அதாவது இரவெல்லாம் விளக்கொளியில் திருகாணி சரிபார்த்த பராமரிப்பாளர்களுக்கு, இப்படியொன்று இருப்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

விசாகப்பட்டினத்துக்கு அது பறந்தே போனது. பிறகு பிரித்து, கடற்கரைக்குக் கொண்டுவந்து, மீண்டும் பூட்டினார்கள். 2017 டிசம்பர் 7 அன்று குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்துவைத்தார். சாலைக்கு எதிர்ப்புறம், 2002 முதல் அருங்காட்சியகமாக உள்ள குர்சுரா நீர்மூழ்கி. வேட்டையாடும் விமானமும் அது தேடும் இனமும் எதிரெதிரே!

ஆனால் கடற்கரை விமானத்துக்கு நல்ல இடமல்ல. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. அதுதான் அதன் கவசம். உப்புக்காற்றிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்து, கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கும். எஃகுத் திருகாணி அலுமினியத்தைத் தொடும் இடத்தில் உப்புநீர் தேங்கினால், இரண்டும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகிவிடும், அலுமினியம் கரையும். பறக்கும் காலத்தில் விமானத்தை நல்ல நீரால் கழுவி, ஆய்ந்து, பழுதுபார்க்க ஒரு படையே இருந்தது. நிறுத்திய பின் அந்த வேலை குறைவதில்லை. கழுவ வேண்டும், மூட்டுகளை அடைக்க வேண்டும், வண்ணம் உரிந்த இடத்தை உடனே பூச வேண்டும்.

2024 ஜூனில் ஓய்வுபெற்ற யூ.எச்.-3எச் ஹெலிகாப்டர் ஒன்றும் இதே நகரில் காட்சிக்கு வைக்க ஒப்படைக்கப்பட்டது. அதற்கும் இந்த உப்போடுதான் போராட்டம்.