வெள்ளையா, நீலமா?

பழம்பொருளைப் புதுக்குதல் என்பது கேட்பதற்கு எளிய காரியம். வேலையைத் தொடங்கிய பின்னரே, எந்தப் பழமையைப் புதுக்குவது என்ற வினா எழுகின்றது. ஏட்டுச் சுவடிகளோடு பழகியவர்கள் இவ்வினாவை நன்கு அறிவர். நான் இதனைக் கற்றுக்கொண்டது சுவடியில் அன்று. இங்கிலாந்திலே ஒரு வண்டிக் கொட்டிலில் முப்பது ஆண்டுகள் கறள் பிடித்துக் கிடந்த மோட்டார் வண்டி ஒன்றில்.

அவ்வண்டி என் தமையனாருடையது. எம்.ஜி.பி. என்னும் பெயருடைய, இருவர் மட்டும் அமரக்கூடிய திறந்த ஸ்போர்ட்ஸ் கார். 1966 ஆம் ஆண்டிலே செய்யப்பட்டது. பொறியியல் கற்க இங்கிலாந்து சென்ற அண்ணர், அங்கேயே தொழில் பெற்று, முதன்முதலிற் சேர்த்த பணத்தைக் கொண்டு 1972 இல் அதனை இரண்டாங் கையாக வாங்கினார். திருமணமான புதிதில் அவரும் அண்ணியாரும் அதிலேறி வேல்ஸ் நாட்டு மலைகளெல்லாம் சுற்றினர். பிள்ளைகள் பிறந்தபின் இரண்டு ஆசனங்கள் போதவில்லை. வண்டி கொட்டிலுக்குள் நுழைந்தது. "வருகிற கோடையில் திருத்துவோம்" என்று அண்ணர் ஒவ்வோராண்டும் சொல்லி வந்தார். கோடைகள் வந்து போயின. ஒருநாள் அண்ணரும் போய்விட்டார்.

அந்தியேட்டி கழிந்த சில மாதங்களின் பின் அண்ணியார் என்னை அழைத்து, ஒரு காசோலையைக் கையிலே தந்தார். "தம்பி, இதிலை 9,000 பவுண் இருக்கு. இதுக்கு மேலை என்னட்டை இல்லை. கார் ஓட வேணும். ஆனா அது உங்கட அண்ணற்றை காராகவே இருக்க வேணும்" என்றார்.

இரண்டே நிபந்தனைகள். ஒன்று பணத்தைப் பற்றியது. மற்றது உண்மையைப் பற்றியது. அடுத்த இரண்டு ஆண்டுகள் இவ்விரண்டுக்கும் இடையே நடந்த வழக்கிலே நடுவனாக இருந்ததே என் வேலையாயிற்று.

எம்.ஜி.பி. அரிய வண்டி அன்று. 1962 முதல் 1980 வரை அபிங்டன் என்னும் ஊரிலிருந்த தொழிற்சாலையில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. இத்துணைப் பெருந்தொகையாகச் செய்யப்பட்டமையால் அதன் உறுப்புகள் ஏறக்குறைய யாவும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. 1988 இல், பழைய அச்சுக் கருவிகளையே தேடியெடுத்து, வண்டியின் முழு உடற்கூட்டையும் மீண்டும் வார்க்கத் தொடங்கினர். கையில் வேண்டிய பணம் இருப்பின், விலைப்பட்டியலைப் புரட்டி ஒரு வண்டியை முழுமையாகவே வாங்கிவிடலாம் என்க.

இது பெரும் வசதி. பெரும் அபாயமும் இதுவே. எல்லாம் கிடைக்கின்றன என்னும்போது எல்லாவற்றையும் மாற்றவே மனம் விரும்புகின்றது. மாற்றி முடித்தபின் எஞ்சுவது யாது? இலக்கத் தகடு மாத்திரமே. அன்றியும், இத்தகைய வண்டியைச் செம்மையாகப் புதுக்குவதற்குச் செல்லும் பணம், அதனை விற்றால் வரும் பணத்திலும் பெரும்பாலும் மிகுதியாகவே இருக்கும். ஆதலின், இது இலாபங் கருதிச் செய்யும் காரியமாகாது. வேறெதன் பொருட்டுச் செய்கின்றோம் என்பதை முதலிலே தெளிந்துகொள்ளாதவன், பணத்தையும் இழப்பான், வண்டியையும் இழப்பான்.

முதல் அடி தரைவிரிப்பைத் தூக்கியபோதே விழுந்தது. முந்திய எம்.ஜி.ஏ. வண்டிக்குத் தனியாக ஓர் அடிச்சட்டம் உண்டு. எம்.ஜி.பி.க்கு அது கிடையாது, உடலே சட்டம். கதவுகளின் கீழே, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே ஓடும் பெட்டி போன்ற படித்தகடுகளே முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. மேற்கூரை இல்லாத வண்டியில் அவற்றின் பொறுப்பு இன்னும் பெரிது. வெளியே பளபளப்பாகத் தெரிந்த அத்தகடுகளை நான் திருகுளியால் அழுத்தினேன். அது பிட்டுக்குள் விரல் புகுவது போலப் புகுந்தது.

பட்டறைக்காரர் இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று, புதிய உடற்கூடு வாங்கி, பழைய இயந்திரத்தையும் பிறவற்றையும் அதிற் பொருத்துவது. மற்றது, இற்றுப்போன இரும்பை மட்டும் வெட்டியெடுத்து, அளவாகப் புதுத்தகடு வைத்து ஒட்டுவது. முதல் வழியில் கூட்டின் விலையே எங்கள் பணம் முழுவதையும் விழுங்கிவிடும். பணமில்லாமையால் இரண்டாவது வழியைத் தேர்ந்தோம். பணமில்லாமை சிலவேளை நல்லாசிரியனும் ஆகும் என்பதை அப்போது நான் உணரவில்லை.

இவ்விடத்தில், இலண்டன் உயர்நீதிமன்றத்தில் 1990 இல் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கு நினைவுக்கு வருகின்றது. பென்ட்லி நிறுவனத்தாரின் பந்தய வண்டி ஒன்று, ‘பழைய முதலாம் இலக்கம்’ என்று பேர்பெற்றது, 1929 இலும் 1930 இலும் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் வென்றது. பின்னர் அதன் இயந்திரம் மாற்றப்பட்டது. 1932 இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் நேர்ந்த விபத்தில் அதனை ஓட்டியவர் உயிரிழந்தார், மேலுடலும் அழிந்தது. மீண்டும் மீண்டும் திருத்தப்பட்ட அவ்வண்டியைப் பல்லாண்டுகளின் பின் பெருந்தொகைக்கு வாங்க உடன்பட்டவர்கள், "இது அந்த வண்டியே அன்று" என்று கூறிப் பணந்தர மறுத்தனர். நீதிபதி ஒட்டன் என்பார் நுணுக்கமாக ஆராய்ந்தார். பந்தயத்தில் வென்ற நாளிலிருந்த இரும்பிலே எஞ்சியிருந்தது மிகச் சிறிது. ஆகவே அதனை முதல் வடிவிலுள்ள வண்டி என்று சொல்ல இயலாது. ஆயினும் அதன் வாழ்க்கை ஓரிடத்தும் அறவில்லை. அப்பெயருக்கு உரிமை கோரத்தக்க வேறொரு வண்டி உலகில் இல்லை. ஆதலின் அதுவே உண்மையான வண்டி என்று தீர்ப்பளித்தார்.

இரும்பின் பழமை வேறு. வாழ்வின் தொடர்ச்சி வேறு. இத்தீர்ப்பு எனக்குத் தந்த வெளிச்சம் அதுவே. ஆனால் அந்த வெளிச்சத்தைக் கொண்டு என் வண்டியைப் பார்க்க வேண்டிய வேளை விரைவில் வந்தது.

அண்ணரின் வண்டியை நாங்கள் எல்லோரும் நீலமாகவே அறிவோம். பழைய படங்களிலும் நீலமே. பின்பெட்டியின் உட்புறத்து அட்டையைக் கழற்றியபோது, அதன் பின்னே வெள்ளை நிறம் தெரிந்தது. கெய்டனில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்தில் தொழிற்சாலையின் பழைய பேரேடுகள் காக்கப்படுகின்றன. வண்டியின் இலக்கத்தை எழுதிக் கட்டணம் செலுத்தினால், அது செய்யப்பட்ட நாள், நிறம், இயந்திர இலக்கம் முதலியவற்றைச் சான்றிதழாகத் தருவார்கள். எமக்கு வந்த சான்றிதழ் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லியது: வண்டி பிறந்த நிறம் வெள்ளை.

எம்.ஜி. வண்டிகளில் ஆர்வமுள்ள அன்பர் ஒருவர் உடனே, "அப்படியானால் வெள்ளையே அடிக்க வேண்டும், தொழிற்சாலை சொன்னதே வேதம்" என்றார். அண்ணியாரிடம் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "அந்த நீலம் நான் தெரிஞ்சது. கடைக்காரன் தந்த அட்டையிலை ரெண்டு பேரும் இருந்து பாத்து எடுத்தது" என்றார்.

எது அசல்? தொழிற்சாலை அடித்த வெள்ளையா, அதன்மேல் என் தமையனார் அடித்த நீலமா? முன்னையது அபிங்டன் தொழிலாளர் எவரோ செய்தது. பின்னையது எங்கள் குடும்பத்தின் வரலாறு. இரண்டும் உண்மையே.

இங்கேதான் நம் பதிப்பாசிரியர்கள் எனக்குத் துணையாக வந்தனர். 1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும், 1894 இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும் செல்லரித்த ஏடுகளோடு போராடியவர்கள். புறநானூற்றிலே சிதைந்த அடிகள் சிதைந்தனவாகவே நிற்கின்றன. இல்லாத சீரைத் தாமே புனைந்து நிரப்பிவிட்டால் படிப்பவனுக்கு எளிதாயிருக்கும். ஆனால் அதன்பின் எவனும் மூலத்தைக் காண இயலாது. பிரதிபேதத்தை அடிக்குறிப்பிலே வைப்பது எதற்காக? நாளை வருபவன் நம்மிலும் நன்கு அறிந்தவனாக இருக்கக்கூடும் என்பதற்காகவன்றோ!

இந்நெறியை இரும்புக்குப் பொருத்தினேன். பணத்தை மூன்று கூறாக்கினோம்.

முதற் கூறு உயிர்காப்புக்கு. பிரித்தானியாவில் 40 ஆண்டுகள் கடந்த வண்டிகளிற் பெரும்பாலானவை 2018 முதல் ஆண்டுதோறும் நடக்கும் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றுள்ளன. சட்டம் கேளாவிட்டாலும் வளைவு கேட்கும். படித்தகடுகள், பிறேக், சுக்கான், ரயர் ஆகியவற்றில் அசலைப் பற்றி நான் ஒரு சொல்லும் பேசவில்லை. படித்தகடுகளை ஒருபக்கம் முடித்தே மறுபக்கம் வெட்டினார்கள். கதவு வாயிலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி பிணைத்து, உடல் வளையாமற் காத்தார்கள். பிறேக் எண்ணெய் செல்லும் உருக்குக் குழாய்களுக்குப் பதிலாகக் கறள் பிடியாத செம்பு நிக்கல் கலப்புக் குழாய்களை இட்டோம். பணத்தில் பாதிக்குமேல் இவற்றுக்கே சென்றது.

இரண்டாங் கூறு இயங்குவதற்கு. இங்கே நான் வியந்த செய்தி ஒன்றுண்டு: அசலைக் காப்பது பல இடங்களிலே மலிவாகவும் இருந்தது. 1798 கன சென்ரிமீற்றர் இயந்திரத்துக்குப் பெற்றோல் ஊட்டும் இரு எஸ்.யு. காபுரேற்றர்களும் தேய்ந்து காற்றை இழுத்தன. புதியன வாங்கலாம். ஆனால் தேய்ந்த அச்சுத்தண்டை மட்டும் மாற்றிப் புதிய உள்வளையம் பொருத்தியதும் பழையனவே நன்கு உழைத்தன. டைனமோவையும் அவ்வாறே திருத்தினோம். வேண்டிய இடத்தில் மாற்றவும் தயங்கவில்லை. ஈயங் கலந்த பெற்றோலின் பொது விற்பனை 1999 முடிவோடு அங்கு நின்றுவிட்டமையால், வால்வுகள் அமரும் இடத்தில் கடின உலோக வளையங்கள் இட்டோம். 2021 முதல் வழக்கிலுள்ள, பத்திலொரு பங்குவரை எதனோல் கலந்த பெற்றோல் பழைய இறப்பர்க் குழாய்களைக் கெடுக்கும், அவற்றையும் மாற்றினோம். வெளியே ஒன்றுந் தெரியாது.

மூன்றாங் கூறு அழகுக்கு. அதற்கு எஞ்சியது அற்பமே. முழு வண்டிக்கும் நிறமடிக்கப் பணமில்லை. ஆகவே ஒட்டுப்போட்ட இடங்களுக்கு மட்டும் அதே நீலத்தைக் கலந்து அடித்தோம். மங்கிய பகுதிகளை மெழுகிட்டுத் துடைத்தோம். அக்காலத்து எம்.ஜி.பி.யின் பொனற் அலுமினியத்தாலானது. எங்களுடையதில் ஒரு நெளிவு இருந்தது. மாற்றாமல் விட்டோம். பின்பெட்டிக்குள் தெரிந்த வெள்ளையையும் மறைக்கவில்லை. அதுவே எங்கள் அடிக்குறிப்பு.

ஒரு பிழையையும் சொல்லிவிட வேண்டும். ஆசனங்களைத் தைக்கக் கொடுத்த இடத்தில், வெடித்த பழைய தோலை எங்களைக் கேளாமலே குப்பையில் எறிந்துவிட்டார்கள். புதுத்தோல் அழகாகத்தான் இருக்கின்றது. ஆனால் அண்ணர் இருபது ஆண்டுகள் சாய்ந்த சாய்வு அதில் இல்லை. கழற்றும் ஒவ்வொன்றும் எனக்கே திரும்ப வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு காசும் செலவாகாது. பணம் குறைந்ததால் நாங்கள் இழந்தது ஒன்றுமில்லை. கவனம் குறைந்ததால் இழந்தது இது.

வேலை முடிந்தபோது 110 பவுண் மிஞ்சியிருந்தது. சித்திரை மாதத்து ஞாயிறொன்றில் வண்டியை அண்ணியாரின் வாசலுக்குக் கொண்டு சென்றேன். அவர் சுற்றிவந்து பார்த்தார். புதுத்தோலைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. பொனற்றிலிருந்த நெளிவின்மேல் கையை வைத்து, "இது என்ரை வேலை. கார் பழகேக்கை படலையிலை இடிச்சது. உங்கட அண்ணர் ஒரு வார்த்தை பேசேல்லை" என்றார். பின்னர் கதவைத் திறந்து, இடப்பக்கத்து ஆசனத்திலே, தாம் வழக்கமாக இருந்த இடத்திலே, அமர்ந்தார்.

ஆசனத்தின் முன்னுள்ள சிறுபெட்டியில் ஓர் அப்பியாசக் கொப்பியை வைத்திருக்கின்றேன். எதை மாற்றினோம், எதை விட்டோம், எதை இழந்தோம் என்பதெல்லாம் அதிலே நாள்வாரியாக எழுதப்பட்டுள்ளன. கடைசிப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. என் மருமக்களில் எவரேனும் ஒருநாள் அவ்வண்டியை வெள்ளையாக்க விரும்பலாம். அதற்கான சான்றும் அக்கொப்பியிலேயே இருக்கின்றது.