நிலவில் ஒரு மீட்டர் தள்ளிப்போனால் 23 டிகிரி வித்தியாசம்: தும்பா ஆய்வகத்தின் ஊசி சொன்னது என்ன?

மத்தியானம் இரண்டு மணிக்கு சங்குமுகம் கடற்கரையில் செருப்பில்லாமல் நடந்து பார்த்திருக்கிறீர்களா? கால் பொசுங்கிவிடும். ஆனால் நின்ற இடத்திலேயே கட்டை விரலால் மணலைக் கிளறி, பாதத்தைக் கொஞ்சம் உள்ளே நுழைத்துப் பாருங்கள். நான்கு விரற்கடை கீழே ஜில்லென்று இருக்கும். மேலே அடுப்பு, கீழே மண்பானை.

இதே சோதனையைத்தான் 2023 ஆகஸ்டில் நிலவில் செய்து பார்த்தார்கள். கட்டை விரலுக்குப் பதில் ஓர் ஊசி. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய இடம், அந்தக் கடற்கரையிலிருந்து சற்று வடக்கே தும்பாவில் இருக்கிறது. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம். அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடமும் இதில் கூட்டாளி. டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நாகர்கோவில், மார்த்தாண்டம் நண்பர்கள் வார இறுதியில் பீச்சுக்குப் போகும் வழியில் இந்தப் பக்கத்தை எத்தனையோ முறை கடந்திருப்பார்கள்.

கருவியின் பெயர் சேஸ்ட். சந்திரயான்-3இன் விக்ரம் தரையிறங்கு கலத்தின் பக்கவாட்டில் மடக்கி வைக்கப்பட்டுப் போனது. அது கொடுத்த எண்களை அலசிய ஆய்வுக்கட்டுரை 2025 மார்ச்சில் வெளியானது. 'நிலவில் எதிர்பார்த்ததைவிட அதிக இடங்களில் பனிக்கட்டி இருக்கலாம்' என்று அன்றைக்கு ஒரு தலைப்பைப் பார்த்திருப்பீர்கள். வெப்பத்தை அளந்த கருவி எப்படிப் பனிக்கட்டியைப் பற்றிப் பேசுகிறது? சுவாரசியமே அங்கேதான்.

முதலில், ஒரு ஊசியைக் குத்துவது ஏன் பெரிய விஷயம்?

சுத்தியலால் அடித்தால் இறங்கிவிடாதா என்று தோன்றும். இரண்டு முறை அப்படி முயன்று தோற்றிருக்கிறார்கள். 2014இல் ஐரோப்பாவின் ஃபிலே கலம் ஒரு வால்நட்சத்திரத்தில் இறங்கி, வெப்பமானி பொருத்திய கம்பியைத் தட்டி இறக்கப் பார்த்தது. தரை கல் மாதிரி இறுகிக் கிடந்தது, கம்பி இறங்கவில்லை. பிறகு செவ்வாயில் நாசாவின் இன்சைட் கலம். 'மோல்' என்று செல்லப்பெயர் வைத்த ஜெர்மன் கருவி, தன்னைத்தானே தட்டித் தட்டி ஐந்து மீட்டர் வரை இறங்க வேண்டும் என்பது திட்டம். அங்கே சிக்கல் நேர்மாறாக இருந்தது. மண் பிடிமானம் கொடுக்காததால் மோல் இருந்த இடத்திலேயே துள்ளிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருடம் போராடிவிட்டு 2021 ஜனவரியில் கைவிட்டார்கள்.

சேஸ்ட் சுத்தியலை நம்பவில்லை. மோட்டார் சுழலச் சுழல ஊசி மெல்ல மண்ணுக்குள் தள்ளப்படும். பேராசையும் இல்லை, இலக்கே வெறும் 10 சென்டிமீட்டர். ஊசியில் பத்து வெப்ப உணரிகள், மண் வெப்பத்தை எப்படிக் கடத்துகிறது என்று பார்க்க ஒரு சின்ன ஹீட்டர். அவ்வளவுதான்.

வேலை செய்தது. ஒரு முறை அல்ல. 2023 செப்டம்பர் 3 அன்று விக்ரம் தன் இன்ஜினை மறுபடி இயக்கி சுமார் 40 சென்டிமீட்டர் உயரம் எழும்பி, 30-40 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தது நினைவிருக்கிறதா? அதற்கு முன் சேஸ்ட்டை மடக்கிவிட்டு, குதித்து இறங்கிய பிறகு மறுபடி விரித்தார்கள். அன்றைய செய்திகளில் 'விக்ரம் குதித்தது' என்பதுதான் ஓடியது. ஊசி மறுபடி விரிந்ததை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எனக்கென்னவோ அதுதான் அன்றைய பெரிய செய்தி.

70 டிகிரி அதிர்ச்சி

ஆகஸ்ட் 27 அன்று இஸ்ரோ ஒரு வரைபடத்தை வெளியிட்டது. ஊசி உள்ளே இறங்கும்போது பதிவான வெப்பநிலைகள். மேற்பரப்பில் 70 டிகிரி செல்சியஸை நெருங்கிய கோடு, 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10 டிகிரியில் இருந்தது. ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் 80 டிகிரி வித்தியாசம்! மேற்பரப்பு 20-30 டிகிரிதான் இருக்கும் என நினைத்திருந்ததாக இஸ்ரோ விஞ்ஞானி ஒருவரே அப்போது சொன்னார்.

உள்ளே அவ்வளவு குளிர் ஏன் என்பது எளிது. நிலவின் மேல்மண் பொடிப்பொடியானது, துகள்களுக்கு இடையே காற்றுகூட இல்லை, வெற்றிடம். வெப்பம் ஒரு துகளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வழியே இல்லை. ஃபிளாஸ்க்கின் இரட்டைச் சுவருக்கு நடுவே காற்றை எடுத்துவிடுகிறார்களே, அதே தத்துவம்.

புதிர், மேலே ஏன் அவ்வளவு சூடு என்பது. தொடர்ந்து எடுத்த அளவுகளை அலசியபோது புதிர் இன்னும் பெரிதானது. பகல் உச்சம் 82 டிகிரியைத் தொட்டிருக்கிறது. ஆனால் ஒரு மீட்டர் தள்ளி, சமதளமான இடத்தில் உச்சம் 59 டிகிரிதான். ஒரு எட்டு எடுத்து வைத்தால் 23 டிகிரி மாறுகிறது.

காரணம், ஊசி குத்திய இடம் சூரியனைப் பார்த்து 6 டிகிரி சாய்ந்திருந்தது. 6 டிகிரி என்பது ஒன்றுமே இல்லை. 

ஆறு டிகிரி சாய்வுக்கு இவ்வளவு பவரா?

கால்குலேட்டரை எடுங்கள், நாமே போட்டுப் பார்த்துவிடலாம். திருவனந்தபுரத்தில் வருடத்துக்கு இரண்டு நாள் சூரியன் நேர் உச்சியில் வரும். அன்று உங்கள் மாடி 6 டிகிரி சாய்ந்திருந்தால், விழும் வெயில் மாறுவது அரை சதவீதம்தான். தலைக்கு மேலே இருக்கும் சூரியனுக்கு சின்னச் சாய்வு ஒரு பொருட்டே இல்லை.

விக்ரம் இறங்கியதோ நிலவின் தெற்கே 69 டிகிரி அட்சரேகைக்குச் சற்றுக் கீழே. நாம் எல்லோரும் 'தென் துருவம்' என்று எழுதித் தள்ளினோம். உண்மையில் துருவம் 90 டிகிரியில் இருக்கிறது. இது பூமியில் அண்டார்டிகாவின் கரையோரம் மாதிரி. அங்கே நண்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 20 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். நம்ம ஊர் மாலை வெயில் போல எப்போதும் சரிந்த ஒளி. சரிந்த ஒளியில் ஒவ்வொரு டிகிரி சாய்வுக்கும் மதிப்பு உண்டு. 20 டிகிரியின் சைன் மதிப்பையும் 26 டிகிரியின் சைன் மதிப்பையும் ஒப்பிட்டால், சாய்ந்த தரைக்குக் கால் பங்குக்கும் அதிகமாகக் கூடுதல் வெயில் கிடைப்பது தெரியும்.

கால் பங்கு வெயில் கூடினால் வெப்பநிலையும் கால் பங்கு கூடாது. சூடாகும் பொருள் தானும் வேகமாக வெப்பத்தை வெளியே கொட்டும்; அந்தக் கொட்டல் வெப்பநிலையின் நான்காம் மடிக்கு ஏற்ப எகிறும். அதனால் கெல்வின் அளவுகோலில் கூடுவது 6 சதவீதம் அளவுக்குத்தான். 59 டிகிரி செல்சியஸ் என்பது 332 கெல்வின். அதில் 6 சதவீதம் என்றால் 20 டிகிரி. ஆக, ஏறக்குறைய 79 டிகிரி செல்சியஸ். ஊசி அளந்தது 82. தோராயக் கணக்குக்கு இது மோசமில்லை!

சரி, நிலவைச் சுற்றிவரும் கலங்கள் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டாமா? நாசாவின் எல்ஆர்ஓ 2009 முதல் மேலிருந்து வெப்பநிலையை அளக்கிறது. ஆனால் அதன் பார்வையில் ஒரு புள்ளி என்பது நூற்றுக்கணக்கான மீட்டர் அகலம். அந்தப் பரப்பில் உள்ள மேடு, பள்ளம், நிழல் எல்லாவற்றையும் கலக்கி ஒரே எண்ணாகத் தரும். 'ஐடி ஊழியரின் சராசரிச் சம்பளம்' என்று ஒரு தொகையை நியூஸில் பார்த்துவிட்டு நம் பேஸ்லிப்பைப் பார்ப்போமே, அப்படி. சராசரி பொய் இல்லை. அதில் நாம் இல்லை, அவ்வளவே.

இப்போது பனிக்கட்டிக்கு வருவோம்

சாய்வு சூரியனைப் பார்த்திருந்தால் சூடு கூடும் என்றால், முதுகைக் காட்டியிருந்தால்? அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 69 டிகிரி அட்சரேகையில், துருவத்தைப் பார்த்து 14 டிகிரி சாய்ந்த ஒரு சரிவு. அங்கே நண்பகல் வெயில் 6-7 டிகிரிக் கோணத்தில்தான் தடவிக்கொண்டு போகும். வெயிலைப் பொறுத்தவரை அந்தச் சரிவு, 83 டிகிரி அட்சரேகையில் உள்ள சமதளத்துக்குச் சமம். இந்தியாவை விட்டு நகராமலே குளு மணாலிக்குப் போன மாதிரி, துருவத்துக்குப் போகாமலே துருவக் குளிர்.

ஆய்வுக்கட்டுரை சொல்வதும் இதுதான். சூரியனுக்கு எதிர்ப்புறம் 14 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவுகளில், மேற்பரப்புக்குப் பக்கத்திலேயே பனிக்கட்டி சேர்ந்து தங்கும் அளவுக்குக் குளிர் இருக்கலாம். காற்றழுத்தம் இல்லாத நிலவில் பனிக்கட்டி உருகாது, நேராக ஆவியாகிப் பறந்துவிடும். மைனஸ் 160 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கோடிக்கணக்கான ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். அப்படிப்பட்ட குளிர் துருவப் பள்ளங்களின் நிரந்தர நிழலில் மட்டுமே உண்டு என்றுதான் பெரும்பாலும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கவனியுங்கள்: சேஸ்ட் பனிக்கட்டியைக் கண்டுபிடிக்கவில்லை. ஒரே இடம், 10 சென்டிமீட்டர் ஆழம், ஒரே ஒரு நிலவுப் பகல், அதாவது நம் கணக்கில் சுமார் இரண்டு வாரம். 14 டிகிரி என்பது அந்த அளவுகளை வைத்துக் கணினி மாதிரியில் போட்ட கணக்கு. 'நிலவில் தண்ணீர் கண்டுபிடிப்பு' என்று வந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளை அப்படியே விட்டுவிடலாம்.

நிலவில் தண்ணீரின் தடயத்தைப் பார்த்த பெருமை தும்பாவுக்கு வேறு கணக்கில் உண்டு. 2008 நவம்பர் 14 அன்று சந்திரயான்-1இலிருந்து பிரிந்து நிலவில் மோதிய கலத்தில், இதே ஆய்வகத்தின் சேஸ் என்ற கருவி இருந்தது. விழுந்துகொண்டே மெல்லிய வளிமண்டலத்தை முகர்ந்து நீராவியின் அடையாளத்தைப் பதிவு செய்தது.

எனக்கென்ன?

நியாயமான கேள்வி. உங்கள் ஃபிளாட்டுக்கு வரும் 20 லிட்டர் கேன் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். சந்திரயான்-3ஐ ஏற்றிப்போன எல்விஎம்-3 ராக்கெட் கிளம்பும்போது எடை சுமார் 640 டன். நிலவில் இறங்கப் புறப்பட்ட விக்ரம், பிரக்யானையும் சேர்த்து 1,752 கிலோ. அதிலும் கணிசமான பகுதி எரிபொருள். அந்த எரிபொருளை மறந்துவிட்டுக் கணக்கிட்டால்கூட, ஒரு கேன் தண்ணீரை அனுப்ப 7 டன்னுக்கு மேல் ராக்கெட் தேவைப்படுகிறது. மனிதர்கள் அங்கே தங்க வேண்டுமென்றால் இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. அங்கேயே பனிக்கட்டி கிடைத்தால் குடிக்கலாம், பிரித்து சுவாசிக்க ஆக்சிஜன் எடுக்கலாம், ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிபொருளாக்கலாம். அமெரிக்கா, சீனா, இந்தியா, ஜப்பான் எல்லாம் நிலவின் தெற்கையே குறிவைப்பது இதற்குத்தான்.

நிரந்தர நிழல் பள்ளங்களில் சூரியசக்தி கிடையாது, பேட்டரி தாங்காத குளிர். 69 டிகிரியில் ஒரு சரிவின் பின்பக்கம் பனி இருந்தால், முன்பக்கம் வெயிலில் பேனலை விரித்துவிட்டு பின்பக்கம் தோண்டலாம். செலவு பல மடங்கு குறையும். ஒரு முரண் மட்டும் இடிக்கிறது. விக்ரம் பத்திரமாக இறங்கக்கூடிய அதிகபட்சச் சரிவு 12 டிகிரி. பனி இருக்கக்கூடியது 14க்கு மேல். இந்த இரண்டு டிகிரியைத் தாண்டுவது இனி இன்ஜினியர்களின் தலைவலி. பக்கத்துச் சமதளத்தில் இறங்கி, ரோவரைச் சரிவில் ஏற்ற வேண்டியிருக்கும்.

அந்த ரோவருக்கு ஏறிப் பழக நம்ம ஊர் மண்ணே இருக்கிறது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியின் அனார்த்தசைட் பாறையை அரைத்துத்தான் இஸ்ரோ 'நிலவு மண்' தயாரித்து, சந்திரயான் சோதனைகளுக்குப் பயன்படுத்தியது. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பது எல்லோருக்கும் தெரியும். இஸ்ரோவின் இப்போதைய தலைவர் வி. நாராயணன் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அந்தப் பொறுப்புக்கு வரும்வரை திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையில் திரவ உந்துவிசை மையத்துக்குத் தலைமை தாங்கினார்.

2025 மார்ச்சில், சேஸ்ட் கட்டுரை வெளியான அதே மாதம், சந்திரயான்-5க்கு மத்திய அரசின் அனுமதி கிடைத்ததாக அறிவித்தவரும் அவர்தான். ஜப்பானுடன் கூட்டு முயற்சி. பிரக்யான் சுமார் 25 கிலோ; இந்த முறை ரோவர் 250 கிலோ. சேஸ்ட் 10 சென்டிமீட்டர் இறங்கியது. புதிய ரோவரில் வரப்போகும் துளைப்பான் ஒன்றரை மீட்டர் வரை தோண்டி மண்ணை மேலே எடுத்துவரும். அதில் தண்ணீர் இருக்கிறதா என்று அங்கேயே சூடாக்கிப் பார்ப்பார்கள்.