லண்டனில் சிறு கூடங்கள் – 9: அடையாளம் இழந்தவர்கள்

லண்டனுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஒரு நாள், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் என்று ஒதுக்குகிறார்கள். எகிப்து மன்னர்களையும் டைனோசர் எலும்புகளையும் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அந்த நகரத்தின் ஏழைகள் எப்படிப் பிறந்தார்கள், எப்படி நோயில் விழுந்தார்கள், செத்த பிறகு என்ன ஆனார்கள் என்று அறிய வேண்டுமானால், ஒரே விஷயத்துக்கென்று அமைந்த சின்ன அருங்காட்சியகங்களைத்தான் தேடிப் போக வேண்டும். இந்த வாரம் அப்படி மூன்று.

முதலாவது, பிரன்ஸ்விக் ஸ்கொயரில் உள்ள ஃபவுண்ட்லிங் மியூசியம். கப்பல் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற தாமஸ் கோரம், தெருவோரம் வீசப்பட்ட குழந்தைகளைக் கண்டு மனம் பொறுக்காமல் 17 ஆண்டுகள் பிரபுக்களின் வீட்டு வாசல்களில் ஏறி இறங்கினார். 1739இல் அவர்களுக்கென ஓர் இல்லம் தொடங்க அரச சாசனம் கிடைத்தது. 1741இல் முதல் குழந்தைகள் சேர்ந்தார்கள். இருந்த இடத்தைவிட வந்த தாய்மார்கள் பல மடங்கு. அதனால் சீட்டுக் குலுக்குவதுபோல் ஒரு முறை வந்தது. தாய் ஒரு பைக்குள் கைவிட்டு உருண்டை ஒன்றை எடுப்பாள். வெள்ளை என்றால் குழந்தைக்கு இடம். சிவப்பு என்றால் காத்திருக்க வேண்டும். கறுப்பு என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும்.

உள்ளே போன குழந்தைக்கு உடனே வேறு பெயர் வைத்துவிடுவார்கள். பின்னாளில் தாய் திரும்பி வந்தால் எது தன் பிள்ளை என்று எப்படிச் சொல்வாள்? அதற்காக ஒரு அடையாளப் பொருளை விட்டுச் செல்வாள். எழுத்துப் பொறித்த நாணயம், மோதிரம், பொத்தான், ஒரு ஹேசல் கொட்டையின் ஓடுகூட இருக்கிறது. வேறெதுவும் இல்லாதவளின் குழந்தைத் துணியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, பதிவுத் தாளில் ஊசியால் குத்திவைத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாதாரண ஜனங்கள் என்ன உடுத்தினார்கள் என்பதற்கு இன்று மிகப் பெரிய சான்று, அந்தப் பதிவேடுகளில் ஒட்டியிருக்கும் துணித்துண்டுகள்தான். 1741க்கும் 1760க்கும் இடையே சேர்ந்த குழந்தைகள் 16,282 பேர். அவர்களில் பெற்றவர்கள் வந்து அழைத்துப் போனது 152 பேரை மட்டுமே. பெரும்பாலானவர்கள் அதற்குள் இறந்துபோனார்கள்.

இந்த இல்லத்துக்காக ஓவியர் ஹோகார்த் படங்கள் கொடுத்தார், ஹாண்டல் இசை நிகழ்ச்சிகள் நடத்திப் பணம் திரட்டித் தந்தார். அந்த ஓவியங்களைப் பார்க்கவே பலர் வருகிறார்கள். ஆனால் நீங்கள் நிற்க வேண்டியது அடையாளப் பொருள்கள் உள்ள கண்ணாடிப் பெட்டியின் முன்னால். 1860களில் இல்லத்தின் நிர்வாகிகள் அவற்றைப் பதிவுத் தாள்களிலிருந்து பிரித்தெடுத்துக் காட்சிக்கு வைத்தார்கள். எந்தப் பொருள் எந்தக் குழந்தைக்கு உரியது என்ற தொடர்பு அன்றே அறுந்தது. தாய் நம்பி ஒப்படைத்த ஒரே தடயத்தை, வேடிக்கைப் பொருளாக்கித் தொலைத்துவிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, சில பொருள்களுக்கு உரிய குழந்தைகளை மறுபடி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஓர் அருங்காட்சியகம் செய்யக்கூடிய வேலைகளில் இதைவிட உயர்ந்தது எனக்குத் தெரிந்து வேறில்லை.

இரண்டாவது, லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பழைய செயின்ட் தாமஸ் தேவாலயத்தின் கூரைக்கடியில் இருக்கும் அறுவை அரங்கு. குறுகிய சுழல் படிக்கட்டில் 52 படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து ஏறுங்கள். பக்கத்திலிருந்த மருத்துவமனையின் பெண்கள் வார்டுக்காக 1822இல் கட்டியது. நடுவே மரமேசை, சுற்றிலும் மாணவர்கள் நின்று பார்க்கப் படிவரிசைகள். மயக்க மருந்து 1846இன் கடைசியில்தான் இங்கிலாந்துக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் இந்த மேசையில் கிடந்தவர்கள் முழு நினைவோடு இருந்த ஏழைப் பெண்கள். வசதியுள்ளவர்களுக்கு அவரவர் வீட்டிலேயே சிகிச்சை நடந்தது. கிருமி என்ற எண்ணமே அன்று இல்லை. கத்தியிலிருந்து பிழைத்தவர்கள் பலர் புண் சீழ்பிடித்து இறந்தார்கள். ரயில் பாதைக்காக 1862இல் மருத்துவமனை இடம் மாறியது. மறந்துபோன அரங்கை 1956இல் ரேமண்ட் ரஸ்ஸல் என்பவர் பழைய ஆவணங்களைத் தேடி வந்து கண்டுபிடித்தார்.

மூன்றாவது, லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் அறுவை மருத்துவர் கல்லூரியின் ஹன்டேரியன் மியூசியம். ஏழடி ஏழங்குலம் உயரமிருந்த அயர்லாந்துக்காரர் சார்லஸ் பைர்ன், லண்டனில் தன் உருவத்தைக் காட்டிப் பிழைத்தவர். தன் உடல் மருத்துவர்கள் கையில் சிக்கக் கூடாது, கடலில் அடக்கம் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு 1783இல், 22 வயதில் இறந்தார். ஜான் ஹன்டர் என்ற மருத்துவர் எப்படியோ உடலைக் கைப்பற்றினார். அந்த எலும்புக்கூடு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பார்வையாளர்கள் முன் நின்றது. 1909இல் அதன் மண்டையோட்டை ஆராய்ந்து, பிட்யூட்டரி கட்டியே அந்த வளர்ச்சிக்குக் காரணம் என்று கண்டார்கள். அறிவியல் பெற்ற லாபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சம்மதிக்காத மனிதனிடமிருந்து எடுத்தது அது.

2023இல் மியூசியம் புதுப்பித்துத் திறந்தபோது எலும்புக்கூடு காட்சியிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. ஆய்வுக்காக என்று சொல்லிக் கல்லூரி அதை இன்னும் தன்னிடமே வைத்திருக்கிறது. கண்ணில் படாமல் எடுத்து வைத்தால் மட்டும் போதாது. பைர்ன் கேட்டது கடலை. அதைக் கல்லூரி அவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.